ஏஜென்ட் காட்டும் சொலிசிட்டரா, சித்தப்பா காட்டும் சொலிசிட்டரா?

வடமேற்கு லண்டனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பதினொரு ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, இப்போது சவுத் ஹரோவில் 480,000 பவுணுக்கு ஒரு வரிசை வீட்டை விலை பேசி முடித்திருக்கிறார்கள். கணவன், மனைவி இருவருக்கும் வேலை இருக்கிறது. வங்கியும் கடன் தரக் கொள்கை அளவில் சம்மதித்துவிட்டது. இனிச் சட்ட வேலைக்கு ஆள் (சொலிசிட்டர்) பார்க்க வேண்டும். அங்கேதான் வீட்டில் நான்கு கருத்துகள்.

எஸ்டேட் ஏஜென்ட் தன் அலுவலகத்தோடு தொடர்புள்ள ஒரு நிறுவனத்தைக் காட்டுகிறார். அது வேறொரு ஊரில், எல்லாம் இணையத்தில். கட்டணம் 795 பவுண். "அவர்களிடம் போனால் வேகமாக முடியும், இல்லையென்றால் விற்பவர் மனம் மாறிவிடக்கூடும்" என்றும் சொல்லியிருக்கிறார். கணவரின் சித்தப்பா, தன் அகதி வழக்கை வென்று கொடுத்த தமிழ்ச் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும் என்று நிற்கிறார். கணவரோ, விற்பவரும் தமிழர் என்பதால் அவருடைய சொலிசிட்டரையே இருவருக்கும் வைத்துக்கொண்டால் ஒரு செலவு மிச்சம் என்கிறார். வாசகி தானே விசாரித்தது, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஓர் உள்ளூர் நிறுவனம். அங்கே 1,550 பவுண் கேட்கிறார்கள். "பக்கத்தில் இருப்பவர் என்றால் கவுன்சிலுக்கு நேரே போய்ப் பத்திரங்களைப் பார்த்துவிடுவார், வீட்டையும் ஒருமுறை வந்து பார்ப்பார் அல்லவா? அதற்காக இரட்டிப்புப் பணம் கொடுக்கலாமா?" என்பது அவருடைய கேள்வி.

கடிதத்தில் போகிற போக்கில் மூன்று செய்திகள். வீட்டின் மேல்தட்டில், அதாவது கூரைக்குக் கீழ் உள்ள இடத்தில், ஓர் அறை கட்டப்பட்டிருக்கிறது. விற்பவரிடம் அதற்கான சான்றிதழ் இல்லை. முன்பணத்தில் 30,000 பவுண் கனடாவில் இருக்கும் அண்ணன் தருவது. 18,000 பவுண் சீட்டுப் பணம். கணவர் பெயரில் யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு இருக்கிறது. மாமனார் எழுதிக் கொடுத்தது. "அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஏஜென்ட் போட்ட பயத்தை எடுத்துவிடுவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலை ஒத்துக்கொள்ளப்பட்டது என்பதற்குச் சட்டத்தில் எந்த வலுவும் இல்லை. (ஸ்காட்லாந்தில் முறையே வேறு.) ஒப்பந்தப் பரிமாற்றம் (இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்வது) நடக்கும் நாள் வரை விற்பவரும் விலகலாம், நீங்களும் விலகலாம். ஆகவே விற்பவர் மனம் மாறலாம் என்பது உண்மைதான். நீங்கள் எந்த சொலிசிட்டரை எடுக்கிறீர்கள் என்பதோடு அதை முடிச்சுப் போடுவதுதான் தவறு. ஏஜென்ட் தரும் சேவைகளை எடுக்கவில்லை என்பதற்காக ஒரு வாங்குநரைப் பாகுபாடாக நடத்தக்கூடாது என்று எஸ்டேட் ஏஜென்டுகளுக்கான 1991-ஆம் ஆண்டு ஆணையிலேயே இருக்கிறது. அவர் பரிந்துரைக்கலாம், வற்புறுத்த முடியாது. அந்தப் பரிந்துரைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தரகுத் தொகை இருக்கும். அது சட்டவிரோதம் அல்ல. ஆனால் அந்தத் தொகையை உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. "இவர்களை அனுப்பினால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று மின்னஞ்சலில் ஒரு வரி கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, அந்தப் பணம் கடைசியில் உங்கள் கட்டணத்திலிருந்துதான் போகிறது.

ஒரே ஆள் இரு பக்கமும்

உங்கள் கணவரின் யோசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிகிறது. ஊரில் காணி வாங்கும்போது ஒரே நொத்தாரிசு உறுதியை (காணிப் பத்திரத்தை) எழுதி, இரண்டு பக்கத்தையும் முன்னால் இருத்தி, கையெழுத்து வாங்கி முடித்துவிடுவார். இங்கே அந்த வேலை அப்படி அமையவில்லை. விற்பவரின் சொலிசிட்டர் விற்பவருக்காகவே பேசக் கடமைப்பட்டவர். மேல்தட்டு அறைக்குச் சான்றிதழ் இல்லை என்பதை அடக்கி வாசிப்பது அவருடைய கட்சிக்காரருக்கு நல்லது. அதைத் தோண்டித் துருவுவது உங்களுக்கு நல்லது. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. நலன்கள் மோதும் இடத்தில் இரு தரப்புக்கும் ஒருவரே இயங்குவதை சொலிசிட்டர் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் தடுக்கின்றன. மிகக் குறுகிய விதிவிலக்குகள்தான் உண்டு. விற்பவர் தமிழர் என்பது தேநீர் குடிக்கும்போது உதவும். இதற்கு உதவாது.

பக்கத்தில் இருப்பவர் என்றால் என்ன கிடைக்கும்?

வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வருவார், அல்லது கணினியில் பார்த்தே மதிப்பிடுவார், அதுவும் வங்கிக்காகத்தான். சொலிசிட்டர் வீட்டுக்கு வரவே மாட்டார். பக்கத்துத் தெருவில் அலுவலகம் வைத்திருந்தாலும் வரமாட்டார். கூரை ஒழுகுகிறதா, சுவர் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பது சர்வேயரின் வேலை, அதற்குத் தனியாக நீங்கள்தான் ஆள் பிடிக்க வேண்டும். மேல்தட்டை மாற்றிக் கட்டிய பழைய வரிசை வீடு என்றால் நடுத்தரமான இரண்டாம் நிலை ஆய்வு போதாது, ஆக விரிவான மூன்றாம் நிலை கேளுங்கள் என்பேன்.

கவுன்சில் தேடுதலும் அப்படித்தான். யாரும் கோப்பு அறையில் போய் உட்காருவதில்லை. உள்ளூராட்சித் தேடுதல், தண்ணீர் மற்றும் கழிவுநீர்த் தேடுதல், சுற்றுச்சூழல் தேடுதல் எல்லாவற்றையும் எந்த ஊரிலிருந்தும் இணையத்தில் வரவழைக்கலாம். உரிமைக்கான ஆதாரமும் இப்போது உறுதிக் கட்டில் இல்லை. நிலப் பதிவகத்தின் மின்பதிவேட்டில் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எந்தப் பதிவின் நகலையும் யார் வேண்டுமானாலும் சில பவுண் கட்டி இறக்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் தூரம் ஒரு பொருட்டே இல்லையா? இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. வந்த தாள்களை வாசிப்பவருக்கு அந்த ஊர் தெரிந்திருக்கிறதா என்பதில் இருக்கிறது. லண்டனில் சில புதிய குடியிருப்புகளில் வாழ்பவர்களுக்குத் தெருவில் கார் நிறுத்த அனுமதிச் சீட்டே கொடுப்பதில்லை என்று கவுன்சில் தந்த திட்ட அனுமதியிலேயே எழுதியிருக்கும். பழகிய கண் அதைத் தேடிப் பார்க்கும். வடமேற்கு லண்டனின் பெரும்பகுதி களிமண் மேல் நிற்கிறது. கோடையில் சுருங்கி மாரியில் வீங்கும் மண். அடித்தளம் இறங்கியதற்காக முன்பு காப்புறுதி கோரப்பட்டிருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் இங்கே வேலை செய்கிறவரிடம் இருக்கும். இதே கேள்வி டரமில் நிலக்கரிச் சுரங்கமாகவும், செஷயரில் உப்புநீர் இறைத்ததால் நிலம் தாழ்ந்த கதையாகவும், கார்ன்வாலில் வெள்ளீயச் சுரங்கமாகவும் மாறும். அந்த ஊர்களில் வீடு வாங்குகிறவர் லண்டன் நிறுவனத்தைப் பிடித்தால், நான் உங்களுக்குச் சொல்வதையே திருப்பி அவருக்குச் சொல்வேன்.

இன்னொரு பயன் சாதாரணமானது. சிக்கல் வரும் வாரத்தில் நேரே போய், முகத்தைப் பார்த்து, "என்ன நடக்கிறது?" என்று கேட்கலாம். எல்லாம் ஒழுங்காகப் போகும் கோப்புக்கு இது தேவையே இல்லை. உங்கள் கோப்பு அப்படிப்பட்டது அல்ல.

மேல்தட்டு அறை

சான்றிதழ் இல்லை என்றவுடன் மற்றப் பக்கத்திலிருந்து வரப்போகும் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: "காப்புறுதிப் பத்திரம் ஒன்று எடுத்துத் தருகிறோம்." விலை குறைவு, ஒரே நாளில் கிடைக்கும், விற்பவரே பணம் கட்டிவிடுவார். ஆனால் அது காப்பது கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் உங்களுக்கு வரும் நட்டத்தை மட்டுமே. படிக்கட்டு செங்குத்தாக இருந்தால் அது நிமிர்த்தாது. உத்தரம் பாரம் தாங்காவிட்டால் தாங்க வைக்காது. தீப்பிடித்தால் பிள்ளைகள் இறங்கி வர வழியிருக்கிறதா என்று பார்க்காது. இங்கே இரண்டு அனுமதிகள் பேசப்படுகின்றன என்பதையும் கவனியுங்கள். திட்ட அனுமதி தேவைப்படாமல் போகலாம். வரிசை வீட்டில் 40 கன மீட்டர் வரையான மேல்தட்டு நீட்சிக்குப் பொதுவாக விலக்கு உண்டு. கட்டட விதிகளின் ஒப்புதல் (பாதுகாப்பாகக் கட்டப்பட்டதா என்று பார்ப்பது) அப்படியல்ல. மேல்தட்டை அறையாக்கினால் அது கட்டாயம் தேவை. 2023 அக்டோபரிலிருந்து, விதிமீறலைத் திருத்தச் சொல்லிக் கவுன்சில் அறிவித்தல் கொடுக்கும் காலம் ஓராண்டிலிருந்து பத்தாண்டாக நீண்டிருக்கிறது. எனவே அந்த அறை எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பது முதல் கேள்வி.

விற்பவரே கவுன்சிலிடம் முறைப்படுத்தல் சான்றிதழுக்கு (ஒப்புதல் இல்லாமல் கட்டியதைப் பின்னர் சோதித்துத் தருவது) விண்ணப்பிக்கட்டும், அல்லது அந்த அறையைப் படுக்கையறையாகக் கணக்கிடாமல் விலை பேசுங்கள். இரண்டையும் சர்வேயரின் அறிக்கை கையில் வந்த பிறகு பேசுங்கள். ஓர் எச்சரிக்கை: பதற்றத்தில் நீங்களே கவுன்சிலுக்குப் போன் போட்டு "இந்த வீட்டு மேல்தட்டுக்கு அனுமதி இருக்கிறதா?" என்று கேட்டுவிடாதீர்கள். கவுன்சிலுக்குத் தகவல் போய்விட்டால் அந்தக் காப்புறுதியை யாரும் தரமாட்டார்கள். கடைசியில் அதுவே தேவைப்பட்டால் வழியடைந்துவிடும்.

795 பவுண் எப்படி வளர்கிறது

நீங்கள் அனுப்பிய இரண்டு விலைப்பட்டியலையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். மலிவானதின் இரண்டாம் பக்கத்தில், சின்ன எழுத்தில், மேலதிகக் கட்டணங்கள் வரிசையாக இருக்கின்றன. மோர்ட்கேஜ் இருந்தால் 150. அன்பளிப்பாக வரும் முன்பணத்துக்கு 120. முத்திரை வரிப் படிவம் நிரப்ப 95. வங்கி மாற்றத்துக்கு 45. ஆளடையாளச் சோதனை தலைக்கு 20, இருவருக்கு 40. வழமைக்கு மாறான பண மூலத்தை விசாரிக்க 150. உங்கள் சீட்டுப் பணம் அங்கே போய் விழும். காப்புறுதிப் பத்திரம் கையாள 125. கூட்டினால் 1,520, 20 சதவீத வற் வரியோடு 1,824. உள்ளூர் நிறுவனத்தில் அன்பளிப்புக்கு 75 மட்டும் மேலதிகம். 1,625, வரியோடு 1,950. நீங்கள் இரட்டிப்பு என்று எழுதினீர்கள். வித்தியாசம் 126 பவுண். தேடுதல் கட்டணமும் பதிவுக் கட்டணமும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே.

2018 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு சொலிசிட்டர் நிறுவனமும் வீடு வாங்கல் விற்றல் கட்டணத்தையும், அதில் என்ன அடங்கும், என்ன அடங்காது என்பதையும், வேலையைச் செய்பவரின் தகுதியையும் அனுபவத்தையும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியை யாரும் வாசிப்பதில்லை. உங்களுக்கு அதுதான் தேவை. "விற்பனை முறிந்தால் கட்டணம் இல்லை" என்ற வாக்குறுதியையும் கவனமாகப் பாருங்கள். அது அவர்களுடைய உழைப்புக்கான கட்டணத்துக்கு மட்டும்தான். தேடுதலுக்குக் கட்டிய காசு திரும்பாது.

சம்பந்தமில்லை என்று எழுதிய வீடு

உங்கள் கடிதத்தில் விலை உயர்ந்த வரி இதுதான். வீடு வாங்கும்போது கட்டும் முத்திரை வரிக்கு நீங்கள் முதல் வீடு வாங்குவோர் சலுகையை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இப்போதைய விகிதப்படி 300,000 பவுண் வரை வரியில்லை, மிச்சம் 180,000-க்கு 5 சதவீதம், ஆக 9,000. கணக்கு சரி. சலுகை உங்களுக்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. உலகின் எந்த மூலையிலும், வாங்கியோ, முதுசமாகவோ, அன்பளிப்பாகவோ, எப்போதாவது ஒரு வீட்டுக்கு உரிமையாளராக இருந்திருந்தால் ஒருவர் முதல் வீடு வாங்குபவர் அல்லர். இருவர் சேர்ந்து வாங்கும்போது ஒருவருக்குச் சலுகை போனால் இருவருக்கும் போகும். கணவர் பெயரும் பத்திரத்தில் இருந்தால் சாதாரண விகிதம்: 14,000.

அது மட்டுமல்ல. வாங்கும் நாளின் முடிவில் உங்களில் ஒருவருக்கு வேறொரு வீட்டில் 40,000 பவுண் அல்லது அதற்கு மேல் பெறுமதியான உரிமை இருந்தால், முழு விலைக்கும் 5 சதவீத மேல்வரி. யாழ்ப்பாண வீடும் வீடுதான். மேல்வரி 24,000, மொத்தம் 38,000. "அப்படியென்றால் என் பெயரில் மட்டும் வாங்குகிறேன்" என்றும் தப்ப முடியாது. சேர்ந்து வாழும் கணவன் மனைவியை மேல்வரிக்கு ஒன்றாகவே பார்க்கிறார்கள்.

இனி நிதானமாகப் பார்ப்போம். வெறும் காணி வீடாகக் கணக்கில் வராது. உங்கள் கணவருடையது வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். பெறுமதி எவ்வளவு? இன்றைய நாணய மாற்றில் 40,000 பவுண் என்பது ஏறக்குறைய ஒரு கோடி அறுபது இலட்சம் ரூபாய். அதற்குக் குறைவு என்றால் மேல்வரி இல்லை. ஆனால் ஊரில் ஒரு மதிப்பீட்டாளர் எழுத்தில் தந்த அறிக்கை கையில் வேண்டும், சித்தப்பாவின் ஊகம் போதாது. மேல்வரி இல்லை என்றானால், உங்கள் பெயரில் மட்டும் வாங்கும்போது சலுகையும் உங்களுக்குக் கிடைக்கக்கூடும்; வங்கி அதற்குச் சம்மதிக்குமா, கணவரின் பங்கை எப்படிப் பாதுகாப்பது என்று பிறகு பேச வேண்டும். உறுதியை எடுத்துப் பாருங்கள்: மாமனார் சீவிய உரித்தை (தான் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் கணக்கு மாறலாம், அதை வரி தெரிந்த சட்டத்தரணி ஒருவர் பார்க்க வேண்டும். அந்த வீட்டை உண்மையாகவே கணவரின் தங்கைக்கோ தம்பிக்கோ கொடுத்துவிடும் எண்ணம் முன்பே இருந்தால், சாவி கைக்கு வரும் நாளுக்கு முன் அது முடிந்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் பெயருக்கு மாற்றினால் பயனில்லை. அது பெற்றோருடையதாகவே எண்ணப்படும். வரிக்காக மட்டும் அவசரமாகக் குடும்பச் சொத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். 24,000 பவுணை மிச்சம் பிடிக்கப் போய் ஊரில் வழக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

சொல்லாமல் விட்டால்? முத்திரை வரிப் படிவத்தை சொலிசிட்டரே அனுப்பினாலும், அதில் உள்ளவை சரி என்று பொறுப்பேற்பது நீங்கள். பின்னால் வரி அலுவலகம் கேட்டால் மிச்ச வரி, வட்டி, தண்டம் எல்லாம் உங்கள் தலையில்தான்.

இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன். முதல் பேச்சிலேயே "உங்களில் யாருக்காவது வெளிநாட்டில் வீடு, முதுசம், நன்கொடை உறுதி ஏதாவது இருக்கிறதா?" என்று துளைத்துக் கேட்கும் சொலிசிட்டர் உங்கள் 126 பவுணுக்குப் பதில் சொல்லிவிட்டார். ஒரு இணையப் படிவத்தில் "முதல் வீடா? ஆம், இல்லை" என்று கட்டம் போட்டு நகர்கிறவர் சொல்லவில்லை.

அண்ணனின் பணம், சீட்டுப் பணம்

பண மூலத்தை விசாரிப்பது 2017-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்பு விதிகளின்படி சொலிசிட்டரின் கடமை. உங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அண்ணனின் பணத்துக்கு அவருடைய அடையாளம், அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதற்கான வங்கிக் கணக்கு, "இது அன்பளிப்பு, வீட்டில் எனக்கு உரிமையில்லை" என்ற கடிதம் ஆகியவை வேண்டும். அந்தக் கடிதத்தை அண்ணன் வாசித்து விளங்கிக் கையெழுத்திட வேண்டும். "பிறகு எனக்கும் ஒரு பங்கு" என்ற பேச்சு உங்கள் வீட்டில் இருக்குமானால் இப்போதே சொல்லுங்கள். அன்பளிப்பு என்று வங்கிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு உள்ளுக்குள் பங்கு பேசுவது வங்கியை ஏமாற்றுவதாகும். பணம் அண்ணனின் வங்கிக் கணக்கிலிருந்து நேரே வரட்டும். உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் மாற்றுவது) அனுப்பினால் செலவு குறையும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இங்கே பதிவு செய்யாமல் பணமாற்றுத் தொழில் நடத்துவது குற்றம், அந்த வழியில் வந்த பணத்தை எந்த சொலிசிட்டரும் தொடமாட்டார்.

சீட்டுப் பணம் இன்னும் சிக்கல். நமக்கு அது சேமிப்பு; இருபது பேர் மாதாமாதம் போட்டு, உங்கள் முறை வந்தபோது எடுத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, ஒரு நாள் திடீரென்று 18,000 பவுண் வந்து விழுந்தது. மாதாமாதம் நீங்கள் கட்டியது வங்கிக் கணக்கில் தெரிகிறதா? சீட்டுக் கொப்பி இருக்கிறதா? சீட்டுப் பிடிப்பவர் தன் பெயர் விலாசத்தோடு ஒரு கடிதம் தருவாரா? எல்லாம் கைக்காசாக நடந்திருந்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள். சில நிறுவனங்கள் ஏற்காது, சில ஏற்கும். வங்கியின் சம்மதமும் தேவைப்படலாம். அதைச் சிறுகச் சிறுக வங்கியில் போட்டுச் "சம்பளச் சேமிப்பு" என்று காட்டும் யோசனை உங்கள் சுற்றத்தில் நிச்சயம் யாரிடமாவது இருக்கும். செய்யாதீர்கள். சந்தேகம் வந்தால் சொலிசிட்டர் அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அப்படி அறிவித்ததை உங்களிடம் சொல்லவும் அவருக்குத் தடை. காரணம் தெரியாமல் கோப்பு வாரக்கணக்கில் அசையாது கிடக்கும்.

இங்கேதான் தமிழ் தெரிந்தவரால் உண்மையான பயன் இருக்கிறது. சீட்டு என்றால் என்னவென்று அரை மணி நேரம் விளக்க வேண்டியதில்லை, உறுதியை வாசித்துச் சீவிய உரித்தைக் கண்டுபிடிப்பார். ஆகவே சித்தப்பாவின் சட்டத்தரணியை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் குடிவரவு வழக்கு வென்றவர் என்பது இதற்குத் தகுதி அல்ல. இதயம் பார்க்கும் வைத்தியரிடம் பல் பிடுங்கப் போவதில்லை. அவருடைய நிறுவனத்தில் வீட்டுக் கொள்வனவுக்கென்று தனி ஆள் இருக்கிறாரா, உங்கள் வங்கியின் அங்கீகாரப் பட்டியலில் நிறுவனம் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டியலில் இல்லையென்றால் வங்கி தனக்கென்று இன்னொரு சொலிசிட்டரை வைக்கும். அந்தச் செலவும் தாமதமும் உங்களுடையவை.

போனில் கேட்க வேண்டியவை

என் கோப்பை யார் பார்ப்பார், பெயர் என்ன, அவர் சொலிசிட்டரா, வீடு வாங்கல் விற்றல் சட்ட வேலைக்கு உரிமம் பெற்ற கன்வேயன்சரா, பயிற்சியில் இருப்பவரா? (கன்வேயன்சர் என்றால் தாழ்வில்லை. 1980-களின் பிற்பகுதியிலிருந்து அவர்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்குத் தனி ஒழுங்குமுறை மன்றம் இருக்கிறது.) அவர் விடுமுறையில் போனால் யார்? நேரடி எண் தருவீர்களா, அல்லது பொது எண்ணில் காத்திருக்க வேண்டுமா? சான்றிதழ் இல்லாத மேல்தட்டு அறை, வெளிநாட்டு வீடு, வெளிநாட்டு அன்பளிப்பு, சீட்டுப் பணம்: இந்த நான்கையும் வைத்து எழுத்தில் மொத்தத் தொகை சொல்லுங்கள். சட்டச் சங்கத்தின் கன்வேயன்சிங் தரச் சான்று இருக்கிறதா?

பதில்களைவிட, பதில் வரும் விதத்தைக் கவனியுங்கள். விலை கேட்கும் நாளிலேயே இரண்டு நாள் திரும்ப அழைக்காதவர், பணம் வாங்கிய பிறகு அழைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். பெயரை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவேட்டில் சரிபாருங்கள், அது இலவசம். அங்கே பதிவான நிறுவனம் என்றால் தொழில்முறைக் காப்புறுதி கட்டாயம் இருக்கும்; சொலிசிட்டர் உங்கள் பணத்தைக் கையாடினால் இழப்பீட்டு நிதியத்திடம் கோரலாம், உச்சம் 500,000 பவுண். சேவை மோசமென்றால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் சட்டச் சேவை ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

நீங்கள் யாரைத் தேர்ந்தாலும் ஒரு விஷயத்தில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். முன்பணம் அனுப்பும் வாரத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சொலிசிட்டரின் பெயரிலேயே மின்னஞ்சல் வரலாம். பெரும்பாலும் அது திருடன். முதல் சந்திப்பிலேயே கணக்கு எண்ணைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள்; அனுப்பும் முன், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அழைத்துச் சரிபாருங்கள், மின்னஞ்சலில் உள்ள எண்ணில் அல்ல. முதலில் ஒரு பவுண் அனுப்பி, சேர்ந்ததா என்று கேட்பதில் தவறில்லை. இப்படி ஏமாந்தவர்களுக்கு வங்கிகள் பணம் திருப்பிக் கொடுக்கும் விதி 2024 அக்டோபரில் வந்தது; அதன் உச்சவரம்பு 85,000 பவுண்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாமியாரிடம் சொல்லி உறுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளூர் நிறுவனத்துக்கும் சித்தப்பாவின் சட்டத்தரணிக்கும் மேலே சொன்ன நான்கு விஷயங்களையும் ஒரே மின்னஞ்சலாக எழுதி அனுப்புங்கள். யார் யாழ்ப்பாண வீட்டைப் பற்றி முதலில் திருப்பிக் கேட்கிறார் என்று பாருங்கள். சர்வேயரைப் பதிவு செய்யுங்கள். ஏஜென்ட் அழைத்தால், "எங்கள் சொலிசிட்டரின் பெயர் வெள்ளிக்கிழமைக்குள் தருகிறோம், அதற்குள் மேல்தட்டு அறை எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று விற்பவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். கொஞ்ச நாள் அவரும் வேலை செய்யட்டும்.